விழுப்புரம் பல்கலைக்கழகம் சிதம்பரத்தோடு இணைந்தது ஏன்? மரக்காணம் மாணவர்களுக்கு என்ன மாறியது?

மரக்காணம் உப்பளப் பகுதியில் இருந்து டிகிரி படிக்க, பலர் பஸ் ஏறுவது திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்குத்தான். அந்தக் கல்லூரி இடம் மாறவே இல்லை. ஆனால் அதற்கு மேலே இருக்கும் பல்கலைக்கழகம் 20 வருஷத்துக்குள் சென்னை, வேலூர், விழுப்புரம், சிதம்பரம் என்று மாறிவிட்டது. எல்லாமே சட்டசபையில் போட்ட சட்டங்களால்தான்.

என்ன நடந்தது?

2002-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து பிரிந்து வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. விழுப்புரம், கடலூர் கல்லூரிகளும் அதன் கீழ் போயின. 2021 பிப்ரவரியில் அதையும் பிரித்து, விழுப்புரத்தில் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அதிமுக அரசு உருவாக்கியது. மே மாதம் ஆட்சி மாறியது. 2021 ஆகஸ்ட் 31-ல், அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா நிறைவேறியது.

இரு தரப்பும் சொன்னது என்ன?

புதிய பல்கலைக்கழகத்தைப் போதிய நிதி ஒதுக்காமலேயே அறிவித்துவிட்டார்கள் என்றார் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி. இது அரசியல் காழ்ப்புணர்ச்சி என்றது அதிமுக. அவையில் இருந்து வெளிநடப்பு செய்து, சாலை மறியலிலும் இறங்கியது.

இதற்கு ஏன் சட்டம் வேண்டும்?

மாநிலப் பல்கலைக்கழகம் பிறப்பதே ஒரு சட்டத்தால்தான். அதனால் அதைக் கலைக்கவோ இணைக்கவோ வெறும் அரசாணை போதாது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை, நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013-ல் தனிச் சட்டம் மூலம் அரசு ஏற்றது. அது வெளிக் கல்லூரிகளுக்கு இணைவு தராத பல்கலைக்கழகமாகவே இருந்து வந்தது. இந்த இணைப்புக்குப் பிறகுதான் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

மாணவர்களுக்கு எது மாறும், எது மாறாது?

கல்லூரிக் கட்டடம், பேராசிரியர்கள், அரசு உதவித்தொகை எதுவும் மாறாது. அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு, பல்கலைக்கழகம் இல்லை. மாறுவது பாடத்திட்டம், செமஸ்டர் தேர்வு, மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ்.

தூரம்தான் இங்கே பெரிய விஷயம். மரக்காணத்தில் இருந்து விழுப்புரம், திண்டிவனம் வழியாக இரண்டு மணி நேரப் பயணத்தில் முடிந்துவிடும். சிதம்பரம் போக புதுச்சேரி, கடலூர் தாண்டணும். சுமார் 100 கிலோமீட்டர். பழைய வேலூரோடு ஒப்பிட்டால் இது பக்கம். கையெட்டும் தூரத்தில் கிடைத்த விழுப்புரத்தோடு ஒப்பிட்டால் தூரம். மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் ஒரு சான்றிதழுக்காகப் போய்வரும் பஸ் செலவும் வீட்டுக்குப் பாரம்தான்.

என்ன கவனிக்கணும்?

பல்கலைக்கழகம் மாறிய ஆண்டுகளில் படித்தவர்கள், தங்கள் மதிப்பெண் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. அரியர் தேர்வு, டூப்ளிகேட் சான்றிதழ், உண்மைத்தன்மைச் சான்று எதுவானாலும், எங்கே விண்ணப்பிக்கணும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் வீண் அலைச்சல் இருக்காது.