எந்தச் சாவியைக் கொத்தில் கோப்பது?

வேடசந்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது: ‘அண்ணனுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் டெபியன் 11 ஏற்றினேன். ஹார்டு டிஸ்க், டச்பேட், ஒலி எல்லாம் தானாக வந்துவிட்டன. வைஃபை மட்டும் வரவில்லை. லினக்ஸ் எந்தக் கணினியிலும் ஓடும் என்றார்களே?’

சொல்வார்கள். விண்டோஸ்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். புது இன்டெல் லேப்டாப்புக்கு விண்டோஸ் போடும்போது ‘டிஸ்க்கே காட்டலை’ என்று சர்வீஸ் கடைக்காரர் தனியாக டிரைவர் தேடுவதைத் திண்டுக்கல்லிலும் பார்க்கலாம்.

உண்மையில் நடப்பது இந்த விளம்பரத்தைவிட அழகானது. கருவிகளை இணைக்கும் பிசிஐ தடத்தில் உள்ள ஒவ்வொரு கருவியிடமும், இயங்குதளத்தின் மையமான கர்னல் முதல் நான்கு பைட்டுகளைக் கேட்கிறது. இரண்டு பைட்டில் தயாரிப்பாளர் எண், இரண்டில் கருவி எண். இன்டெல் தனக்கு வைத்துக்கொண்ட எண் 8086. 1978இல் வந்த தன் சில்லின் பெயரையே போட்டுக்கொண்டது! ஆளில்லாத இடத்தில் கேட்டால் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். கர்னல் அடுத்த இடத்துக்கு நகரும். கிடைத்த எண்ணைப் பல்லாயிரம் வரிகள் கொண்ட ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் டிரைவர் மாட்யூல் ஏற்றப்படுகிறது.

நாகல் நகர் பூட்டுப் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். தட்டினால் தன் சாவியின் எண்ணைச் சொல்லும் மாங்காய்ப் பூட்டு! ஆனால் சாவி கொத்தில் இருந்தால்தானே? கொத்தைக் கோப்பவர்கள் கர்னலைத் தொகுப்பவர்கள். ஒரு டிரைவரைக் கர்னலோடு கலப்பதா, தனி மாட்யூலாக வைப்பதா, விட்டுவிடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். எல்லாவற்றையும் மாட்யூலாக்கி டிஸ்க்கில் வைத்தால், டிஸ்க்கைத் திறக்கும் டிரைவரும் அதற்குள்ளேயே இருக்கும். சாவிக்கொத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டிய கதை. அதனால் தொடக்கத்துக்கு வேண்டிய சாவிகளைச் சிறு மூட்டையாகக் கட்டிக் கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகிறார்கள். நிறுவும்போது எந்தக் கணினி வரும் என்று தெரியாது, ஆகவே மூட்டை பெருக்கும்.

வரலாறு கொஞ்சம்: 1991இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னிடம் இருந்த வகை ஹார்டு டிஸ்க்குக்கு மட்டுமே ஆதரவு எழுதினார். 2002இல் டெபியன் 3.0 ஃபிளாப்பியில் இடம் போதாமல் நான்கு வகை நிறுவல் கர்னல்களைத் தந்து, ‘உங்களுக்கு எது?’ என்று கேட்டது. 2011இல் தொடங்கிய தமிழக இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியனிலிருந்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. மொத்தக் கொள்முதலில் ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வரும். அங்கே சாவியைத் தேட வேண்டியதே இல்லை.

இனி உங்கள் வைஃபை. டிரைவர் ஏறியிருக்கும், சாவி நுழைந்தும் திரும்பவில்லை. வைஃபை சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலை டிரைவர் டிஸ்க்கில் தேடுகிறது. உரிமம் திறந்ததல்ல என்பதால் டெபியன் அதை நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. தடை தொழில்நுட்பமல்ல, கொள்கை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் உள்ளேயே இருக்கிறது.

12ஐப் போட்டுப் பாருங்கள். பிராட்காமின் பழைய சிப் என்றால் அதிலும் இருக்காது, இணையத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி இணையப் பகிர்வை இயக்குங்கள். அந்தப் பகிர்வுக்கான டிரைவர் டெபியன் கர்னலில் உண்டு, தனி ஃபர்ம்வேரும் கேட்காது.