வாணிகத்திற்கு ஓர் உரைகல்

முன்னுரை

திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரத்திற்குப் பேருந்தில் செல்லும்போது வழியெங்கும் விளம்பரங்களைக் காண்கிறோம். பத்தே நாளில் நோய் தீரும், ஒரே மாதத்தில் எடை குறையும் என்றெல்லாம் அவை கூறுகின்றன. அவற்றைப் படிப்பவர் பலர். "பலன் கண்டவர் யார்?" என்று கேட்பவர் மிகச் சிலர். நாங்களும் அந்தப் பலருள் ஒருவராகவே இருந்தோம்.

இவ்வாண்டு பள்ளி விற்பனை விழாவிற்காக எங்கள் வகுப்பினர் தேங்காய் எண்ணெயில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் இட்டுக் காய்ச்சினோம். புட்டியில் ஒட்டும் தாளில் "முப்பது நாளில் கூந்தல் நீளும்" என்று எழுத வேண்டும் என்றாள் ஒருத்தி. எல்லாரும் கைதட்டினோம். அவ்வழியே வந்த சிஸ்டர் தாளைப் படித்துவிட்டு, "யார் தலையில் அளந்து பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சென்றார். எங்களிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாம் சொல்வது உண்மையா? நமது புதுமை எதில் உள்ளது? பணத்தை யாரிடம், எதற்காக வாங்குகிறோம்? இம்மூன்றையும் நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே ஆராய்வோம்.

மூலிகைப் பெட்ரோல்

1996ஆம் ஆண்டு. இராசபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பவர், ஒரு மூலிகையைத் தண்ணீரில் இட்டுக் காய்ச்சி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் பெட்ரோல் கிடைக்கும் என்று அறிவித்தார். நாடே வியந்தது. தில்லிக்குச் சென்று அறிஞர்கள் முன்னிலையிலும் செய்து காட்டினார். பெட்ரோலை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாட்டில், நம் கிராமத்தவர் ஒருவர் அதைச் செடியிலிருந்து எடுக்கிறார் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? மக்கள் அதை நம்ப விரும்பினர். போலி அறிவியலுக்கு அந்த விருப்பமே முதல்.

ஆனால் பத்தாம் வகுப்பு வேதியியலைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடை உள்ளது. அதில் 600 கிராமுக்கு மேல் கார்பனே. தண்ணீரில் கார்பன் கிடையாது. எனவே அந்தக் கார்பன் முழுவதும் இலையிலிருந்தே வர வேண்டும். காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கார்பன். அப்படியானால், ஒரு துளியும் வீணாகாமல் மாறினாலுங்கூட ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். கைப்பிடி இலை எம்மூலைக்கு? மேலும், ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் கிடைப்பதே தண்ணீர். எரிந்து முடிந்த சாம்பலை மீண்டும் விறகாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

பின்னர் அறிஞர்கள் கவனமாகச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. கலக்கும் கோலின் உட்குழலில் எரிபொருளை மறைத்து, முனையை மெழுகால் அடைத்திருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. கொதிநீரில் மெழுகு உருகும். எரிபொருள் மேலே மிதக்கும். இதற்குப் பின்னும் "மூலிகை எரிபொருள்" கடைகளில் விற்கப்பட்டது. அது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? செய்து காட்டுவது வேறு, சோதிப்பது வேறு. செய்து காட்டும்போது பாத்திரமும் கோலும் விற்பவருடையவை. சோதிக்கும்போது அவை மற்றவருடையவையாக இருக்க வேண்டும். தன் பொருளைப் பிறர் பாத்திரத்தில் சோதிக்க மனமுவந்து கொடுப்பவரே நேர்மையான வணிகர்.

பழைய பொருள், புதிய உறை

அப்படியானால் புதுமை கூடாதா? கட்டாயம் வேண்டும். அதற்குக் கடலூர் நல்ல சான்று. அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்கும் பொருள்களை ஏழைகளும் வாங்க வேண்டுமானால் சிறுசிறு உறைகளில் விற்க வேண்டும் என்று எண்ணினார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்தே "சிக்" ஷாம்புக்குப் பெயரிட்டார். அந்நிறுவனமே இன்று "கெவின்கேர்" எனப்படுகிறது.

ஷாம்பு அவர் கண்டுபிடித்ததன்று. சோப்பும் சீயக்காயும் கொண்டு தலை கழுவிய கிராமத்தாரால் முழுப் புட்டியை வாங்க இயலவில்லை. வாரக்கூலி பெறும் தாய்க்கு ஒரு வேளைக்கு வேண்டியது மட்டுமே போதும். அதைக் கண்டுகொண்டதுதான் புதுமை. காலி உறைகள் ஐந்தைக் கொண்டு வந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றும் அறிவித்தனர். முதலில் எந்த நிறுவனத்தின் உறையாயினும் ஏற்றுக்கொண்டு, பின்னர் சிக் உறைகளுக்கு மட்டுமே அச்சலுகையை அளித்தனர். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

மூலிகைப் பெட்ரோலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குவோம். அங்கே சொல் புதிது, பொருள் பொய். இங்கே பொருள் பழையது, வழி புதிது. வாங்கியவர் அன்றே தலைக்குக் குளித்து நுரை வருகிறதா என்று பார்த்துவிடலாம். எனினும் இதிலும் ஒரு குறை உண்டு. வெற்று உறைகள் இன்று நம் கால்வாய்களை அடைத்துக் கிடக்கின்றன. ஒரு புதுமையின் விளைவை இறுதிவரை எண்ணிப் பார்ப்பதும் வணிகரின் கடமையன்றோ?

யாரிடம் எவ்வளவு வாங்குவது?

அடுத்தது வருவாய். டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சை கற்றுத் தேர்ந்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. எல்லாரிடமும் கட்டணம் வாங்கினால் ஏழைக்குப் பார்வை கிட்டாது. எல்லாருக்கும் இலவசம் என்றால் மருத்துவமனை நிலைக்காது. நன்கொடையை மட்டும் நம்பினால் அது நின்ற நாளில் சிகிச்சையும் நின்றுவிடும்.

அவர் தேர்ந்தது நான்காவது வழி. கொடுக்க முடிந்தவர் கட்டணம் கொடுப்பர், முடியாதவருக்கு இலவசம். இருவருக்கும் சிகிச்சை செய்வோர் ஒரே மருத்துவர்களே. இது எவ்வாறு கட்டுப்படியாகும்? ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்தவரைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கட்டடமும் கருவியும் நாளொன்றுக்கு ஐவருக்குப் பயன்பட்டாலும் ஐம்பதின்மருக்குப் பயன்பட்டாலும் அவற்றின் செலவு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே ஆளுக்கு ஆகும் செலவு குறைகிறது. கண்ணுக்குள் வைக்கும் வில்லைகள் வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்ததால், 1992ஆம் ஆண்டில் "அரோலேப்" என்ற தொழிற்கூடம் அமைத்துத் தாங்களே குறைந்த விலையில் செய்யத் தொடங்கினர். ஆக, வருவாய் வரும் வழியைத் தேர்ந்தெடுப்பது, நாம் யாருக்காக உழைக்கிறோம் என்பதையும் தேர்ந்தெடுப்பதாகும்.

உத்திரமேரூர் கூறும் பாடம்

இவையெல்லாம் இக்காலத்துப் பாடங்கள் என்று எண்ண வேண்டா. நமக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைத் தேர்தலுக்காக அவை புகழ் பெற்றவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்தலில் நிற்க இயலாது என்பது அவற்றுள் ஒரு விதி. பொன் வாரியம் என்ற ஒன்றும் அவ்வூரில் இருந்தது. பொன்னின் மாற்றைச் சோதித்துக் கூறத் தகுதியானவர்களை ஊர்ச்சபையே தேர்ந்தெடுத்தது.

பொன்னை விற்பவரே அதன் மாற்றையும் சொன்னால் போதாது, நடுவில் ஒருவர் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். வள்ளுவரும் வாணிகருக்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில்தான் வைத்தார். கள்ளத்தராசு இறைவனுக்கு ஏற்புடையதன்று என்று விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் எச்சரிக்கின்றது.

முடிவுரை

மீண்டும் எங்கள் எண்ணெய்க்கு வருவோம். பழைய தாளைக் கிழித்துவிட்டோம். புதுத்தாளில் என்னென்ன சேர்த்தோம், எந்த நாளில் காய்ச்சினோம் என்று மட்டும் எழுதினோம். பெரிய புட்டி எல்லாராலும் வாங்க இயலாது என்பதால் சிறிய புட்டிகளிலும் நிரப்பினோம். வரவு செலவை ஓர் அட்டையில் எழுதிக் கடையின் முன் தொங்கவிட்டோம்.

மாலையில் மூதாட்டி ஒருவர் வந்து புட்டியை முகர்ந்து பார்த்து, "ஏம்மா, முடி வளருமா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அது எங்களுக்குத் தெரியாது ஆயா. நல்ல தேங்காய் எண்ணெய், கலப்படம் இல்லை. அது மட்டும் தெரியும்" என்றோம். அவர் சிரித்தார். "இதைச் சொல்ற கடையை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிச் சென்றார்.

எல்லாப் புட்டிகளும் விற்றுவிடவில்லை. பதினொன்று மிஞ்சின. பழைய தாளையே ஒட்டியிருந்தால் அவையும் விற்றிருக்கக்கூடும். ஆயினும் முப்பதாம் நாள் அந்த ஆயாவைத் தெருவில் கண்டால் நாங்கள் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்புத் தோழியரே, நாளை நீங்கள் எத்தொழிலைத் தொடங்கினாலும் முதலில் இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்!