கடலோரம் ஊர் ஊராய் – 9
பழவேற்காடு: முறை வைத்துப் பகிர்ந்த நீர்

போன வாரம் எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடத்தில் நின்றோம். கரையோடு வடக்கே போனால் அடுத்த பெரிய முகத்துவாரம் பழவேற்காடு. சாலை வழி என்றால் மீஞ்சூர், பொன்னேரி என்று உள்ளே சுற்றி வர வேண்டும். பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கி காலைப் பேருந்தைப் பிடித்தேன். மழைக்காலம் முடிந்த தை மாதம். வழியெங்கும் வயல்கள் ஈரம் காயாமல் கிடந்தன. கடைசி சில கிலோமீட்டரில் வயல் உவர் நிலமாக மாறியது, காற்றில் உப்பும் கருவாடும் சேர்ந்து வந்தன.

இந்தத் தொடரில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நடை, பிறகு சைக்கிள், முடிந்தால் கடைசியில் தண்ணீர் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். பழவேற்காட்டுக்கு இந்த வரிசை வேறெந்த ஊரையும்விடப் பொருந்தியது. நடந்து பார்க்கும்போது ஊரின் பழைய காலம் தெரிகிறது, சைக்கிளில் போனால் அதன் கவலை தெரிகிறது. அது எதனால் உயிர் வாழ்கிறது என்பது தண்ணீரில் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

நடை

மீன் சந்தையில் தொடங்கினேன். வெள்ளை இறால் குவியல், மடவை, கொடுவா, கால்களைக் கயிற்றால் கட்டிப்போட்ட பெரிய நண்டுகள். கடல் மீனும் ஏரி மீனும் ஒரே தரையில் விற்கும் சந்தை இது. ஏலக் குரலுக்கு நடுவே ஒரு அம்மாவிடம் எது ஏரி இறால் என்று கேட்டேன். "தின்னு பாத்தா தெரியும், வாங்கிட்டுப் போ தம்பி" என்றார்.

சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு அகழி இருக்கிறது. நடுவில் புதர் மண்டிய மேடு. அதுதான் கெல்டிரியா கோட்டை. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், 1613-ல் கட்டியது. தங்கள் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். சென்னை என்ற நகரத்துக்கு ஆங்கிலேயர் 1639-ல்தான் இடம் வாங்கினார்கள். அதற்கு 26 ஆண்டு முன்பே இங்கே கோட்டை எழுந்துவிட்டது. சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு வாணிபத்தின் தலைமையிடமாக இந்த ஊர் 1690 வரை இருந்தது. அந்த ஆண்டு தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது, 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுதாக வந்தது. இன்று கோட்டைச் சுவர் இல்லை. பக்கத்து மீனவர் குடியிருப்பின் பெயர் மட்டும் கோட்டைக்குப்பம்.

இங்கிருந்து கப்பலேறிய துணி உலகத்தின் பேச்சிலும் ஏறியது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். கோலாலம்பூரில் மாலைத் தொழுகைக்குக் கைலி கட்டும் ஒருவர் இந்த ஊரின் பெயரைத் தினமும் இடுப்பில் கட்டிக்கொள்கிறார்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே படுத்திருக்கும் கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் எழுத்துகளும் அவ்வளவு கூர்மை. வணிகர், அதிகாரி, அவர்கள் மனைவி, குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு. அங்கே நிற்கும்போது இன்னொரு கூட்டத்தின் நினைவு வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களை இதே கரையிலிருந்து பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் பெயருக்கும் இங்கே கல் இல்லை. பழவேற்காட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அங்கிருந்து தெருக்களுக்குள் நுழைந்தால் செம்புரைக் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். ராமாயணக் காட்சிகள் விரல் நீளத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன, குனிந்து பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த நிழல் கடிகாரம் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இன்னொரு பக்கம். முஸ்லிம் தெருக்களில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். இவ்வளவும் ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகிற ஊர் இது.

மிதி

சைக்கிள் கடைக்காரர் தம் சொந்த வண்டியையே கொடுத்து, "பாலம் தாண்டினா எதிர்காத்து, பாத்துப் போங்க" என்றார். ஏரியின் மேல் போகும் பாலத்தைத் தாண்டினால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குப்பங்கள் அங்கேதான். 1859 முதல் இங்கே கப்பல்களுக்கு விளக்கு எரிகிறது.

பக்கிங்காம் கால்வாயும் இந்த ஏரியோடு சேர்ந்ததுதான். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது, பிறகு பழவேற்காட்டுக்கு நீண்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மக்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். அப்போதைய ஆளுநர் பெயர் கால்வாய்க்கு வந்தது. இந்த நீர்வழியில்தான் விறகும் உப்பும் படகு படகாகச் சென்னைக்குப் போயின.

மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனால், பைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. சில இடங்களில் கடல் கரையை அரித்துக்கொண்டு வந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும், வாடைக் காலத்தில் சில மாதம் திசை மாறும். நடுவில் கல் கொட்டி ஒரு தடுப்பு கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இந்தக் கணக்கில்தான். இப்போது பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர் துறைமுகம் 2001-லிருந்து இயங்குகிறது, அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை மேலும் விரிவாக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்ப்பதற்குக் காரணம் புரிய ஆய்வறிக்கை வேண்டாம், மெரினாவையும் ராயபுரத்தையும் பார்த்தால் போதும்.

நீர்

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. யாராவது காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறேன் என்றாலும் ஏறாதீர்கள். நான் போனது நண்டு வலை எடுக்கப் போன தோணியில், அதுவும் உயிர்காப்பு மேலங்கி மாட்டிக்கொண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரும் அவர் மகனும் தொழிலுக்குப் போகும் வழியில் எனக்கு ஓரமாக இடம் கொடுத்தார்கள்.

மகன் நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார். ஏரி கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்திருந்தாலும் ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு இதைக் கடலிலிருந்து பிரிக்கிறது, ராக்கெட் ஏறுவதை இங்கிருந்தே பார்க்கலாம். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நன்னீர் கொண்டுவரும், முகத்துவாரம் வழியே கடல் உப்பைக் கொண்டுவரும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். அந்தப் போக்குவரத்தில்தான் ஊரின் சோறு இருக்கிறது.

தூரத்தில் ஒரு வெளிர் கோடு தெரிந்தது. கிட்டப் போகப் போகத்தான் அது பூநாரைக் கூட்டம் என்று தெரிந்தது. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கும் ஆழமில்லாத இந்தத் தண்ணீர்தான் தேவை. பெரியவர் தோணியை விலக்கி ஓட்டச் சொன்னார்.

"ஐயா, இறாலுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு நம்ம முறை இல்ல தம்பி. அதான் நண்டு வலைக்குப் போறோம். முறை வந்திருந்தா உங்ககூட இவ்வளவு நிதானமாப் பேசிக்கிட்டிருப்பேனா?"

அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் நிறைய. அந்த இடத்தைக் கையில் வலு உள்ளவர் பிடித்துக்கொண்டால் மற்றவர் பிழைப்பு என்னாவது? அதற்கு மீனவ ஊர்கள் தலைமுறைகளுக்கு முன்பே வழி கண்டன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் கூடி, தலைக்கட்டுக் கணக்கெடுத்து, குலுக்கல் போட்டு, சுத்து வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டன. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை நகர்ந்து கொடுக்க வேண்டும். தமிழில் பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்றெல்லாம் பொருள் உண்டு. இங்கே அது பங்கு என்றும் பொருள்படுகிறது.

பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை. வழியில் இருளர் பெண்கள் சிலர் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முறை வைத்துப் பகிரும் அறிவு அவர்கள் வரை போய்ச் சேரவில்லை. சேர வேண்டும். ஆனால் அரசோ சட்டமோ சொல்லாமல், தண்ணீர் எவருக்கும் பட்டா இல்லை என்ற நம்பிக்கையில் ஓர் ஊர் இத்தனை காலம் பங்கிட்டு உண்டிருக்கிறது. பழவேற்காட்டின் மிகப் பெரிய நினைவுச் சின்னம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கெல்டிரியா இரண்டு நூற்றாண்டு நின்று மண்மேடானது. பாடு இன்றும் நடக்கிறது.

வெயில் சாயும் நேரத்தில் பெரியவர் முகத்துவாரத்தைக் கை நீட்டிக் காட்டினார். மழை வெள்ளம் வெட்டிவிட்ட வழியில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. கோடையில் மணல் சேர்ந்து அந்த வழி குறுகும், சில ஆண்டுகள் அடைந்தே போகும். அடைந்தால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது இவர்களின் பல ஆண்டுக் கோரிக்கை.

பழவேற்காடு போகிறவர்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை பாலம் தாண்டிப் போய் ஏரியையும் கடலையும் ஒருசேரப் பாருங்கள். குப்பத்தில் ஒரு பெரியவரிடம் இந்த ஆண்டு முகத்துவாரம் எப்படி என்று கேளுங்கள். அது திறந்திருக்கும் வரைதான் பகிர்ந்துகொள்ள இறால் இருக்கும்.

(பயணம் தொடரும்)