பிரஷர் கொஞ்சம் கூடுதலா? பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்!

நாலு மாதம் முன்பு மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். "நீயும் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கோம்மா" என்று நர்ஸ் என் கையிலும் பட்டையைச் சுற்றினார். 144/92 என்றதும் எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. எனக்கு வயது 36தான். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று பிரஷர் மாத்திரையைத் தானாகவே நிறுத்தி, 53 வயதில் பக்கவாதத்தில் படுத்தவர் என் அப்பா.

விஷயம் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, "என் மாத்திரையில பாதி போட்டுக்கோ, சரியாயிடும்" என்று அட்டையையே நீட்டினார். வாங்கிவிட்டேன், விழுங்கத்தான் மனசு வரவில்லை. மறுநாள் டாக்டரிடமே போனேன்.

"நேத்து எப்படிப் பார்த்தாங்க?" என்று கேட்டார். காபி குடித்துவிட்டு, மாமியாரைத் தாங்கிப் பிடித்து மாடி ஏறி, வந்த கையோடு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே பார்த்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார். இதில் ஒவ்வொன்றுமே அளவைக் கூட்டிக் காட்டுமாம்! காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வைத்து, இரண்டு முறை பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்த்ததில் 134/86.

மேலே உள்ள எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழே உள்ளது விரியும்போது உள்ளது என்று விளக்கினார். "ரெண்டாவது பிரசவத்துல பிரஷர் இருந்துதா?" என்றும் கேட்டார். இருந்தது. அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வர வாய்ப்பு அதிகமாம். இது எனக்குப் புதுச் செய்தி.

ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பார்த்து எழுதி வரச் சொன்னார். சராசரி 132/84. "வியாதி இன்னும் உள்ளே வரலை, வாசல்ல நிக்குது. இப்போ மாத்திரை வேண்டாம். உப்பைக் குறை, தினம் அரை மணி நட. தொடர்ந்து 140/90 தாண்டினா உடனே வா" என்றார்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள்தான் இருக்க வேண்டுமாம். கணக்குப் போட்டேன். நாலு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று வாரத்தில் காலி! ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். சாதத்தில் உப்புப் போடுவதை விட்டேன். முதல் வாரம் எல்லோரும் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. இப்போது பாக்கெட் 40 நாள் வருகிறது. என் பிரஷர் 124/80.

மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அக்கா, நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டேன். "அது ஆச்சு ரெண்டு வருஷம்" என்றார்! மறுநாளே அவரைக் கூட்டிப் போனேன். இப்போது இருவரும் தினமும் சேர்ந்து நடக்கிறோம்.

தோழிகளே, வீட்டில் எல்லோரையும் டாக்டரிடம் அழைத்துப் போகும் நாம், அடுத்த முறை நம் கையையும் நீட்டுவோமா?

- ஒரு வாசகி, கும்பகோணம்.