பெயர் மாறிய துப்பாக்கி

1956 நவம்பர் முதல் வாரம். புடாபெஸ்ட் தெருக்களில் சோவியத் டாங்கிகள் உறுமிக்கொண்டிருந்தன. அதே நாட்களில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் எகிப்தின் போர்ட் சயீதில் இறங்கின. ஹங்கேரி மாஸ்கோவுக்கு அடக்கப்பட்டது. எகிப்து மாஸ்கோவை நெருங்கியது. இந்த இரு நாடுகளின் கொடுக்கல் வாங்கலில் பிறந்ததுதான் டோகாஜிப்ட் 58 என்ற கைத்துப்பாக்கி.

பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. முன்பாதி, சோவியத் வடிவமைப்பாளர் டொக்கரேவ், பின்பாதி, ஈஜிப்ட். டொக்கரேவின் துப்பாக்கி 1930ல் செஞ்சேனைக்கு வந்து, 1933ல் திருத்தம் கண்டது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு; சுட்ட வேகத்திலேயே வெற்றுத் தோட்டா வெளியே தெறித்து, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ஹங்கேரியும் இதை '48 எம்' என்ற பெயரில் தயாரித்துவந்தது.

எகிப்து கேட்டது அதே துப்பாக்கியைத்தான், ஆனால் இரண்டு முக்கிய மாற்றங்களோடு. சோவியத் 7.62 மி.மீ. தோட்டாவுக்குப் பதிலாக மேற்கு நாடுகளில் புழங்கிய 9 மி.மீ. பாராபெல்லம். அடுத்து, பாதுகாப்பு விசை. டொக்கரேவில் அப்படித் தனி விசை கிடையாது; சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துவதுதான் ஒரே பாதுகாப்பு. புடாபெஸ்டின் எஃப்.இ.ஜி. ஆலை இரண்டையும் செய்து, கைக்கு இதமான பிளாஸ்டிக் பிடியையும் பொருத்திக் கொடுத்தது.

கைவிட்ட வாடிக்கையாளர்

ஆனால் எகிப்து ராணுவத்தின் மனம் இத்தாலியின் பெரெட்டா 1951 மீது போயிற்று. பின்னாளில் அதையே 'ஹெல்வான்' என்ற பெயரில் உள்நாட்டிலும் தயாரித்தது. வந்திறங்கிய டோகாஜிப்ட்டுகள் போலீஸ் கைக்குப் போயின. மீதி ஆர்டர் ரத்து.

மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்ட சரக்கை என்ன செய்வது? அந்நியச் செலாவணிக்கு ஏங்கிய கம்யூனிஸ்ட் நாட்டுக்கு மேற்கு ஜெர்மனியின் மார்க் கண்ணில் பட்டது. துப்பாக்கி எல்லை தாண்டியது. அங்கே அதன் பெயர் 'ஃபயர்பேர்ட்', நெருப்புப் பறவை. டொக்கரேவும் இல்லை, எகிப்தும் இல்லை. இரும்பு மட்டும் அதே இரும்பு.

அந்த ஆலைக்கு இது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில், தன் 37 எம் துப்பாக்கியை 7.65 மி.மீ. அளவுக்கு மாற்றி நாஜி ஜெர்மனிக்குக் கொடுத்தது. அதில் ஆலையின் பெயருக்குப் பதில் 'ஜே.எச்.வி.' என்ற ரகசியக் குறி மட்டுமே இருந்தது. 1990களில் அதே ஆலையின் துப்பாக்கிகள் 'மவுசர்' என்ற ஜெர்மன் பெயரோடும் விலைபோயின.

யார் கைக்கு?

பெயர் மாற்றம் வியாபாரத்தில் சகஜம். சோப்புக்கும் நடக்கும், சேலைக்கும் நடக்கும். ஆனால் சோப்பு கரைந்துவிடும். துப்பாக்கி கரையாது. 1970ல் ஆந்திரியாஸ் பாடர், உல்ரிக்கே மைன்ஹாஃப் தலைமையில் மேற்கு ஜெர்மனியில் தலையெடுத்த 'செம்படைப் பிரிவு' தீவிரவாதிகளின் கையில் ஃபயர்பேர்ட் இருந்தது. துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் நாடு முழுமைக்கும் ஒரே சீராகக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது 1972ல்தான்.

ஒரு அரசு தன் சிப்பாய்களுக்காகக் கேட்ட ஆயுதம், அரசுகளையே வீழ்த்தக் கிளம்பியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இதற்காக யாரும் திட்டம் தீட்டவில்லை. ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவருக்குப் பணம் தேவைப்பட்டது, இன்னொருவர் புதுப் பெயர் வைத்தார். அவ்வளவுதான்.

இன்று டோகாஜிப்ட்டையும் ஃபயர்பேர்டையும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். எந்தப் பெயர் பொறித்தது என்பதைப் பார்க்கிறார்கள். எந்தக் கைகளில் இருந்தது என்பதை மட்டும் எந்தத் துப்பாக்கியிலும் பொறிப்பதில்லை.