முந்திரிக்கொல்லையில் முந்திரி மட்டும் இருந்தால் போதுமா?

பாயசத்தில் மிதக்கிற முந்திரியைத் தேடித் தேடிப் பொறுக்கித் தின்னாத குழந்தை உண்டா? கேசரி, பொங்கல், தீபாவளிக்கு முந்திரி கேக் என்று நம் வீட்டு விசேஷம் எதுவும் அது இல்லாமல் நடப்பதில்லை. பழத்துக்கு வெளியே கொட்டை துருத்திக்கொண்டு நிற்பதால், "என்னடி முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வர்றே?" என்று பெண்களை அதட்டுவதற்கும் பெரியவர்களுக்கு அதுதான் கைகொடுத்தது! ஆனால் அந்தப் பருப்பு விளைகிற கொல்லை எப்படி இருக்கும், அங்கே வேறு என்னென்ன வளர்கிறது என்பதை நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம்.

நான் இருப்பது ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில். பெயரில்தான் காடு, பார்க்கும் இடமெல்லாம் வீடுகள். பிறந்த வீடு பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அம்மாவின் பெயரில் இரண்டு ஏக்கர் முந்திரிக்கொல்லை இருக்கிறது. பழைய மரங்களையும் சுற்றி உள்ள உயிர்வேலியையும் எடுத்துவிட்டு, கம்பி வேலி போட்டு நெருக்கமாக ஒட்டுக்கன்று நட வேண்டும் என்கிறான் என் தம்பி. "வேலிய மட்டும் தொடாதடா" என்கிறாள் அம்மா. இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். ஊரில் ஒரு துண்டு நிலமாவது உள்ளவர்களுக்கு இது உபயோகப்படும்.

கடல் கடந்து வந்த மருமகள்

முந்திரி நம் நாட்டு மரமே இல்லை. பிறந்த வீடு பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மாமரத்தின் குடும்பம்தான். மண் அரிப்பைத் தடுக்கும், வறட்சியைத் தாங்கும் என்பதால் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் நன்றாக வேரூன்றிவிட்டது.

அதற்கு முன்னால் அந்த மண்ணில் என்ன இருந்தது? கடலூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் கோடையிலும் இலை உதிராத ஒரு வகைக் காடு இருந்திருக்கிறது. காசான், வீரை, உலக்கைப்பாலை போன்றவை அதன் மரங்கள். காலப்போக்கில் விறகுக்கும் விவசாயத்துக்கும் அழிந்துபோய், கோயில் காடுகளில் மட்டும் கொஞ்சம் தங்கியது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அதற்கு நல்ல உதாரணம். சாமி மரம் என்று பயந்து நம் முன்னோர் கிளையைக்கூட ஒடிக்கவில்லை, அதனால் பிழைத்தது.

கோயில் காட்டுக்கு அடுத்தபடியாக அந்தப் பழைய செடிகளுக்குப் புகலிடம் எது தெரியுமா? முந்திரிக்கொல்லையின் வேலிதான்! மைனாவும் கொண்டைக்குருவியும் பழம் தின்று போட்ட விதைகள் அங்கே முளைக்கின்றன. மரத்தடியில் அதிகம் முளைக்காது. முந்திரி அடர்ந்து நிழல் கட்டும். அதன் சருகு சீக்கிரம் மக்காமல் மெத்தை மாதிரி கிடக்கும். ஆகவே மற்ற செடிகள் பிழைப்பதெல்லாம் வரப்பிலும் வேலியிலும் மரங்களுக்கு இடையே வெயில் விழுகிற இடத்திலும்தான். வேலியை எடுத்தால் அவ்வளவும் போச்சு.

வேலியிலே ஒரு அஞ்சறைப் பெட்டி

எங்கள் கொல்லை வேலியில் கிளுவை, காரை, சூரை, நொச்சி, ஆடாதொடை இருக்கின்றன. அவற்றின் மேல் கொடியாக முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை, கோவை. மூலையில் நான்கு பனை, ஒரு நாவல், இரண்டு பலா. மழை விட்டதும் வரப்பில் கீழாநெல்லியும் தும்பையும். முடக்கத்தான் தோசை, தூதுவளை ரசம், பிரண்டைத் துவையல் என்று அம்மா காசு கொடுத்து வாங்காமல் செய்ததெல்லாம் அந்த வேலி போட்ட பிச்சை. இங்கே சந்தையில் ஒரு கட்டு முடக்கத்தானுக்குப் பணம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி நினைப்புதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேலியில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணியும் காய்க்கும். அது விஷம், குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை முந்திரிக்கொட்டையையும் கடிக்க விடக்கூடாது. ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் உதடும் கையும் வெந்து கொப்பளித்துவிடும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவது அதனால்தான்.

தேனீக்கும் வருஷம் பூரா பசிக்குமே!

முந்திரிப் பூங்கொத்தில் ஆண் பூக்களே அதிகம். காய்க்கிற பூ கொஞ்சம்தான். மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீ மாதிரி பூச்சிகள் வர வேண்டும். தை, மாசியில் முந்திரி பூக்கும். அது முடிந்த பின் மீதி மாதங்களில் தேனீ எதைத் தின்னும்? நாவல், வேம்பு, நொச்சி, தும்பை என்று ஒன்று மாற்றி ஒன்று பூத்தால்தான் கூடு அங்கேயே தங்கும். சுற்றிலும் முந்திரியே இருந்தால், பூக்கிற சமயத்தில் பூச்சியை எங்கே போய்க் கூப்பிடுவது?

இன்னொரு காவல்காரன் முசுறு எறும்பு. இலைகளைச் சேர்த்துத் தைத்து மரத்தில் கூடு கட்டும். கொட்டை பொறுக்கப் போனால் கடித்துப் பிய்த்துவிடும், வாஸ்தவம்தான். ஆனால் முந்திரியின் பெரிய எதிரி தேயிலைக் கொசு. அது தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக்கிவிடும். முசுறு நிறைய உள்ள மரத்தில் இந்தக் கொசு குறைவாக இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களும் கண்டிருக்கிறார்கள்.

காசர்கோடு கற்றுக்கொடுத்த பாடம்

இந்தத் தேயிலைக் கொசுவை ஒழிக்கத்தான் கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து அரசு முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மேலிருந்து கொட்டிய மருந்துக்குக் கொசு எது, தேனீ எது, கிணறு எது என்று தெரியுமா? எண்மகஜே போன்ற ஊர்களில் ஊனத்தோடும் வளர்ச்சிக் குறைவோடும் குழந்தைகள் பிறந்ததைப் பத்திரிகைகளில் பார்த்து நாம் கண்கலங்கினோம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-ல் உத்தரவிட்டது. பணத்தால் ஒரு தாயின் மனம் ஆறுமா? மைல் கணக்கில் ஒரே மரம்; அதில் பூச்சி வந்தால் மருந்தைத் தவிர வழி தெரியாத நிலை. அது எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

ஒட்டா, நாட்டா?

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "அக்கா, கொட்டை போட்டு முளைச்ச மரம் ஒண்ணு காய்க்கும், ஒண்ணு ஏமாத்தும். ஒட்டுன்னா மூணாம் வருஷமே காய்ப்பு. நீ மெட்ராஸ்ல இருந்துகிட்டு வேலி, பூச்சின்னு பேசுற. பொறுக்கற ஆளுக்குக் கூலி நான்தானே குடுக்கணும்?" என்கிறான். அவன் கஷ்டம் அவனுக்கு. 7 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 80 மரம். நெருக்கி 5-க்கு 4 மீட்டரில் நட்டால் 200.

ஆனால் அந்த ஒட்டு எங்கிருந்து வந்தது? விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1981-ல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 1 ரகத்தின் மூலம் வழிசோதனைப்பாளையம் என்ற கிராமத்து மரம். 1991-ல் வந்த வி.ஆர்.ஐ. 3, இடையஞ்சாவடி கிராமத்தில் நன்றாகக் காய்த்த ஒரு மரத்தின் வாரிசு. யாரோ ஒருவர் தன் கொல்லையில் வெட்டாமல் விட்டு வைத்த மரம்! எல்லாரும் பழைய மரங்களை வெட்டிவிட்டால் நாளைக்குப் புது ரகத்துக்கு எங்கே போவது? கர்நாடகத்தில் புத்தூர் முந்திரி ஆராய்ச்சி இயக்ககத்தில் 500-க்கும் மேற்பட்ட வகைகளை நட்டுப் பாதுகாக்கிறார்கள். எல்லா ஊர் மரத்துக்கும் அங்கே இடம் இருக்குமா?

தவிர, ஒரே ரகத்து ஒட்டு மரங்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் பூக்கும். அந்த வாரம் பருவம் தப்பி மழை பெய்தால் மொத்தமும் நஷ்டம். நாட்டு மரங்கள் முன்னே பின்னே பூப்பதால் ஏதாவது ஒன்று கை கொடுக்கும்.

30-12-2011 அன்று தானே புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கத்தில் தோப்பு தோப்பாக முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையிலும் பாதிக்கு மேல் போய்விட்டது; பனைகள் நின்றன. புதுக்கன்று காய்க்கும் வரை அம்மா இடைவெளியில் மல்லாட்டையும் உளுந்தும் போட்டுத்தான் குடும்பத்தை ஓட்டினாள். முந்திரி ஒன்றை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை அவள் கண்ணால் பார்த்தவள். வேலியைத் தொடாதே என்று அவள் பிடிவாதம் பிடிப்பது பழைய பழக்கத்தால் மட்டும் அல்ல.

நிலம் உள்ள சகோதரிகள் செய்யக்கூடியவை

1. ஒட்டு நடுங்கள், ஆனால் ஒரே ரகமாக வேண்டாம். இரண்டு மூன்று ரகம் கலந்து வையுங்கள்.

2. நன்றாகக் காய்க்கிற நாட்டு மரம் நாலைந்தையாவது விட்டு வையுங்கள். எது எப்போது பூக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

3. கம்பி வேலி அவசியமானால் உயிர்வேலிக்கு உள்பக்கமாகப் போடலாம்.

4. முதல் மூன்று நான்கு வருஷம் இடைவெளியில் மல்லாட்டை, உளுந்து, காராமணி போடுங்கள். மண்ணுக்கும் நல்லது, கைக்கும் காசு.

5. பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் முன் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் அடித்தார் என்று அடிக்காதீர்கள்.

6. முந்திரிப் பழத்தைக் கீழே போட்டு அழுக விடாதீர்கள். வைட்டமின் சி நிறைய உண்டு. சாறு பிழிந்து, அதில் ஜவ்வரிசிக் கஞ்சி கொஞ்சம் கலந்து வைத்தால், தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பு அடியில் படிந்துவிடும். தெளிவை வடித்துச் சர்க்கரை சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் விரும்பிக் குடிப்பார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அரை மனதாக ஒரு ராஜி. ஒரு ஏக்கரில் ஒட்டு. மறு ஏக்கரில் பழைய மரங்கள் அப்படியே. மூன்று பக்க வேலிக்கும் ஆபத்தில்லை. ரோட்டோரத்து நாலாவது பக்கம்தான் இன்னும் தகராறு. வண்டி திரும்ப இடம் வேண்டும் என்கிறான் தம்பி. நாவல் மரம் அங்கேதான் இருக்கிறது என்கிறாள் அம்மா. நான் அம்மா கட்சி! அடுத்த முறை நீங்கள் ஊருக்குப் போகும்போது, உங்கள் வேலியில் என்னென்ன செடி இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களோடு ஒரு நடை போய்ப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த செடியை வெட்ட மனசு வராது.