டவுன்லோட்ஸில் கிடக்கும் ஆதார்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளில் வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு நூலகக் கணினி பெரிய துணை. ஆதாரை ஏற்றுவார்கள், ஹால் டிக்கெட்டை இறக்குவார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து ஓடுவார்கள். ஜிமெயில் திறந்தபடியே இருக்கும். அடுத்து உட்காருபவர் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் தட்டினால் போட்டோ, கையெழுத்து, பிறந்த தேதி எல்லாம் வரிசையாகக் கிடக்கும். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த ஓட்டையை அடைக்கப் பெரிய செலவில்லை. வாசகர் கணினியில் அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்து, எழுந்ததும் எல்லாம் அழியும்படி செய்யலாம். ஊழியர் கணினியையும் வாசகர் கணினியையும் ஒரே வைஃபையில் விடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதற்காகப் பழைய பெட்டியைக் கழிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இலவசம், தமிழிலும் இயங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காப்பு நகல். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொது நூலகத்தில் 16 கிளைகளின் சுமார் 700 கணினிகள் ஒரே தாக்குதலில் முடங்கின. பூட்டைத் திறக்கத் தாக்கியவர்கள் கேட்ட 35,000 டாலரை நூலகம் கொடுக்கவில்லை. கணினிகளைத் துடைத்துவிட்டு, காப்பு நகலிலிருந்து மீண்டது. நம் மைய நூலகத்துக்கும் கிளைகளுக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கே பெரிய காவல். வாராவாரம் நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில் பூட்ட வேண்டும். செருகியே வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும்.

லாக் அவுட் செய்ய மறந்துவிட்டீர்களா? பதற வேண்டாம். கைபேசியில் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை வெளியேற்றுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆதார் கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கலாம், உதவிக்கு 1947. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முதலில் நூலகரிடம், பிறகு மாவட்ட நூலக அலுவலரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டே கேள்வி போதும்: காப்பு நகல் கடைசியாக எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தது எப்போது?